கிழக்குப் பார்த்து நின்ற அஞ்சலை

அத்திம்பேரால் சரிசெய்ய முடியாத இயந்திரம் இனிமேல்தான் பிறந்து வர வேண்டும் என்று எங்கள் குடும்பம் நம்பியது. மிக்ஸி, தண்ணீர் மோட்டார், தம்முடைய சொந்தக் கடைவாய்ப் பல் என்று எதற்குமே அவர் வெளியாளை அழைத்ததில்லை. அவர் கைவைத்த பிறகு மிக்ஸியின் மூடி ஒருமுறை சமையலறைக் கூரையைத் தொட்டுத் திரும்பியது உண்மைதான். மிக்ஸிக்குக் கூடுதல் பலம் வந்துவிட்டதாக அதையும் நாங்கள் பெருமையாகவே எடுத்துக்கொண்டோம்.

அவர் என் அக்காவின் கணவர். மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்கு அவர் ஜாக்கி மாமா. தெருவில் எந்தக் கார் நின்றாலும், அது பஞ்சர் ஆகித்தான் நின்றிருக்கும் என்று முடிவுகட்டி, ஜாக்கியோடு ஓடிவிடுவார். ஒருமுறை ஃபோன் பேசுவதற்காக ஓரங்கட்டிய ஒருவரின் காரை ஒரு பக்கமாகத் தூக்கியே விட்டார். "சார், நான் உள்ளே உட்கார்ந்திருக்கேன் சார்!" என்று அந்த மனிதர் அலறியது இன்றும் என் காதில் இருக்கிறது. நான் மாடி ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டேன். அக்கா வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன்; அந்த நாட்களில் நான் அடிக்கடி செய்த காரியம் அதுதான்.

ஓய்வு பெற்றதும் அவர் விசேஷங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடத் தொடங்கினார். அண்டாக்களை ஏற்றிச் செல்லப் பட்டினப்பாக்கத்திலிருந்து பழைய குட்டி யானை ஒன்றை வாங்கி வந்தார். சென்னை செல்லமாக அப்படி அழைக்கும் அந்தச் சிறிய லாரி, அதுவரை மீனும் ஐஸும் சுமந்துகொண்டிருந்தது. அது தெருமுனையில் திரும்பும்போதே காற்று எங்களுக்குச் செய்தி சொல்லிவிடும். முன்கண்ணாடியில், விற்றவருடைய மகளின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது: அஞ்சலை.

"ஏன்னா, இதுல ஏத்திண்டு போற அண்டாவுலயா கல்யாணத்துக்குச் சமைப்பா?" என்றாள் அக்கா, தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு.

"சமுத்திரமும் தீர்த்தம்தான்டி."

அந்தத் தீர்த்தம் அஞ்சலையின் அடிவயிற்றை அரித்திருந்தது. பின்சக்கரங்களுக்கு மேலே பாரம் தாங்கும் இரும்புப் பட்டைகள் துருவேறி, ஒவ்வொரு பள்ளத்திலும் ஒப்பாரி வைத்தன. அத்திம்பேர் புதுப்பேட்டைக்குப் போய்ப் புதுப் பட்டைகள் வாங்கி வந்தார். மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்று அக்கா கெஞ்சினாள்.

"ஆத்து வாசல்ல பண்ண முடியாத வேலைன்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

நல்ல காரியம் தொடங்கும்போது கிழக்குப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மணையில் உட்காருபவருக்குப் பொருந்துவது மணையில் உட்கார முடியாத லாரிக்கும் பொருந்தும் என்று அவர் தீர்மானித்தார். எங்கள் தெருவோ தெற்கு வடக்காகப் போகிறது. ஆகவே அஞ்சலை தெருவுக்குக் குறுக்கே, சுபமுகூர்த்தத்தில், கிழக்கு நோக்கி நிறுத்தப்பட்டாள். ஜாக்கியால் தூக்கி, பின்சக்கரங்களைக் கழற்றி, அடியில் கட்டைகளை அடுக்கினார். அதன் பிறகு அவள் அசைவதற்கில்லை. ஸ்கூட்டர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்தன. ஆட்டோக்கள் பின்வாங்கின.

"இன்னா நைனா, தெருவ எழுதி வாங்கிட்டியா?" என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

பட்டையைக் கோத்துப் பிடித்திருந்த போல்ட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை எப்படியோ வந்துவிட்டன. அந்த ஒன்று துருப்பிடித்து, இரும்போடு இரும்பாக ஒட்டிப்போயிருந்தது. அவர் அடித்தார். ஓங்கிய சுத்தியலை ராகு காலம் தொடங்கியதும் அந்தரத்திலேயே நிறுத்தி, மெதுவாகக் கீழே வைத்தார். அடுத்து அஷ்டமி வந்தது. அதன் பின்னால் நவமி வந்தது. பிறகு எண்ணெயில் ஊறவைக்கலாம் என்ற யோசனை வந்தது. அதற்கு மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய்! சனிக்கிழமை வைக்கலாமே என்று எதிர்வீட்டுக்காரர் வேடிக்கையாகச் சொன்னதற்கு, "பேரைப் பாருங்கோ. பொம்மனாட்டிக்கு வெள்ளிக்கிழமைதானே எண்ணெய்?" என்று பொறுமையாக விளக்கினார். கேஸ் வைத்து அறுத்துவிடலாம் என்று வேறொருவர் சொன்னதும் அவர் முகமே மாறிவிட்டது. "அவளை நெருப்புலயா காட்டச் சொல்றேள்?"

"மாமி, அஞ்சலை குளிச்சாச்சா?" என்று காய்கறிக் கடையில் கேட்கத் தொடங்கினார்கள். அக்கா கடையை மாற்றினாள். நான் நடக்கும் வழியை மாற்றினேன்.

இதற்கிடையே பங்குனி உற்சவம் நெருங்கிவிட்டது. ஸ்வாமி எங்கள் தெரு வழியாக எழுந்தருளுவது வழக்கம். வண்டி நகராவிட்டால் இந்த வருஷம் அடுத்த தெரு வழியாகப் போக வேண்டியதுதான் என்று கோயிலிலிருந்து வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அதற்குள் நகர்த்திவிடுவதாக அத்திம்பேர் அவருக்கு வாக்குக் கொடுத்தார். அக்கா உள்ளே வந்தாள். பிறகு என்னிடம் மெல்லிய குரலில், "நம்மாத்தால ஸ்வாமி தெருவையே விட்டுட்டுப் போனார்னா, நான் இனிமே எந்த மூஞ்சியோட வாசல்ல நிப்பேன்?" என்றாள்.

அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அன்று ராகு காலத்திலும் சுத்தியல் சத்தம் கேட்டது.

போல்ட் மட்டும் மனமிரங்கவில்லை. மறுநாள் காலையில், அவர் கொடுத்த வாக்கை நம்பி, ஸ்வாமி தெருவுக்குள் திரும்பிவிட்டார். மேளமும் தீவட்டியும் குடையுமாக வந்த ஊர்வலம் அஞ்சலைக்கு முன்னால் நின்றது. தெரு முழுவதும் எங்கள் வீட்டைப் பார்த்தது. தரையில் ஒரு பிளவு தென்பட்டிருந்தால் அக்காவும் நானும் இறங்கிப்போயிருப்போம்.

"இன்னா மாமா, சாமி வர்ற வழில யானைய கட்டி வெச்சிகினு கீற?" என்றார் ஸ்வாமியைச் சுமப்பவர்களின் தலைவர்.

லாரிக்கு அடியிலிருந்து பதில் வந்தது. "இன்னும் நாலு தட்டு தட்டினா வந்துடும்ப்பா!"

"நீ வெளிய வா மொதல்ல. டேய், சாமிய எறக்குங்கடா!"

தாங்குகட்டைகளில் ஸ்வாமியை நிறுத்திவிட்டு, அத்தனை பேரும் அஞ்சலையின் பின்பக்கத்தில் தோள் கொடுத்தார்கள். ஸ்வாமியைத் தூக்கும்போது எழுப்பும் அதே குரல் எழுந்தது. நாதஸ்வரக்காரர் பாவம், என்ன செய்வார்? புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியை வாசித்தார். மீன் வாசனையும் மிளகு வாசனையும் கமழ, மல்லாரியோடு, அஞ்சலை கால்வட்டம் சுற்றிச் சுவரோரமாக எழுந்தருளினாள். தரை அதிர மறுபடியும் கட்டைகளின் மேல் இறக்கினார்கள். உள்ளே எதுவோ ணங்கென்றது.

"விட்டுடுத்து! விட்டுடுத்து!" என்று கூவியபடி அத்திம்பேர் மறுபடியும் அடியில் பாய்ந்தார்.

ஸ்வாமி அப்போதுதான் எங்கள் வாசலுக்கு வந்தார். அத்திம்பேரின் கணுக்காலுக்கு மேற்பட்டதெல்லாம் லாரிக்கு அடியில் இருந்தது. வெளியே இருந்தவை எண்ணெய் வழியும் இரண்டு பாதங்கள் மட்டுமே. அவை நேராக ஸ்வாமியை நோக்கி நீட்டியிருந்தன.

எங்கள் வீட்டில் உறக்கத்தில்கூடப் பூஜையறைப் பக்கம் கால் நீட்ட மாட்டார்கள். அக்கா கற்பூரத் தட்டை என் கையில் திணித்தாள். அந்தப் பாதங்களுக்கு முன்னால் போய் நின்று, பட்டுப்புடவைத் தலைப்பை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் நெஞ்சோடு கவிழ்ந்திருந்தது.

தலைப்புக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது. "யாராவது அந்தப் பெரிய ஸ்பானரைக் குடுங்கோளேன்!"

தெருவே சிரித்தது. அர்ச்சகர் மட்டும் சிரிக்கவில்லை. "நகருங்கோ மாமி. ஸ்வாமிக்குத் தெரியாத காலா?" என்றார். அக்கா நகரவில்லை.

அந்தச் சிரிப்புக்காக அவள் அத்திம்பேரோடு பல நாட்கள் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. புதுப் பட்டைகளோடு அஞ்சலை முனகாமல் ஓடுவதை மட்டும் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்திம்பேர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருவர் அஞ்சலையை வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் இப்போது அக்காவும் நானும்தான் இருக்கிறோம். பங்குனியில் ஸ்வாமி வரும்போது வாசலில் வேண்டிய மட்டும் இடம் இருக்கிறது. ஆனாலும் அக்கா அந்தச் சுவரோரமாகவே போய், தலைப்பை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கற்பூரத் தட்டை நான் பிடித்துக்கொள்கிறேன்.