ரகசியச் சொல்

"அது தெரியாம பிள்ளையை அனுப்ப முடியாது சார்," என்றார் பள்ளி அலுவலக எழுத்தர் அம்மா, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

பூட்டுக்காரர் திருதிருவென்று விழித்தார். எந்தப் பூட்டையும் இரண்டே நிமிடத்தில் திறக்கிற மனிதர். ஒன்றாம் வகுப்பு மகளை அழைத்துப்போக இன்றைக்குத்தான் முதல்முறையாக வந்திருக்கிறார். வழக்கமாக வருகிற மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, இன்று மாலை டியூட்டி. "உங்களால முடியுமா?" என்று காலையில் அவள் கேட்டதற்கு, "இதென்ன பெரிய வித்தையா?" என்று சிடுசிடுத்துவிட்டு வந்திருந்தார்.

"எதும்மா தெரியணும்?"

"ரகசியச் சொல். சேர்க்கும்போது உங்க வீட்டம்மா படிவத்துல எழுதிக் குடுத்தது. பெற்றோர் கையேட்டுல ஒம்பதாம் பக்கத்துல விதி இருக்கு. 'படித்தேன், புரிந்துகொண்டேன்'னு நீங்க கையெழுத்தே போட்டிருக்கீங்க."

கையெழுத்துப் போட்டது உண்மை. படித்ததுதான் பொய். அந்தக் கையேடு அவர் கடையில் ஸ்க்ரூ டப்பாவுக்கு அடியில் கிடந்தது.

"மூணு தடவை சொல்லிப் பாக்கலாம். மூணும் தப்புன்னா பாப்பாவோட அம்மாவை உடனே வரச் சொல்லிடுவோம். நான் எதுவும் கோடி காட்டக் கூடாது."

வார்டில் மனைவியை விட்டால் வேறு ஆள் கிடையாது. பாதியில் கிளம்பி வந்தாள் என்றால் ஆஸ்பத்திரியில் பேச்சு விழும். வீட்டில் அதைவிட விழும்.

"பட்டுக்குட்டி," என்றார், மகளின் செல்லப் பெயரை.

எழுத்தர் அம்மா நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"பிள்ளைகிட்ட கேக்கலாமா?"

"கேக்கலாம். தெரியாதவங்ககிட்ட அது வாயைத் திறக்காது. ஆனா உங்க வாயால நீங்க சொல்லணும்."

மற்ற பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். மகள் மட்டும் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். கூப்பிட்டதும் ஜன்னலுக்கு ஓடி வந்தாள்.

"கண்ணு, அந்த ரகசியச் சொல் என்ன?"

"சொல்ல மாட்டேன்."

"அப்பாகிட்ட மட்டும். காதுல."

கம்பியோடு ஒட்டிய காதில் கையைக் குவித்து அவள் மெதுவாகச் சொன்னாள். "சொல்ல மாட்டேன்."

"சாக்லேட் வாங்கித் தரேன்டா."

"அதான் சொல்லிட்டேனேப்பா," என்றாள் மகள். உதடு பிதுங்கியது.

"நல்லாத்தான் பழக்கி வச்சிருக்கீங்க," என்று எழுத்தர் அம்மாவிடம் முனகிவிட்டு, அவர் மனைவிக்குப் போன் போட்டார்.

"சீக்கிரம் சொல்லுங்க, ஊசி போட்டுட்டிருக்கேன்."

"பள்ளிக்கூடத்துல ரகசியச் சொல் கேக்குறாங்க. என்னது அது?"

"சொல்ல மாட்டேன்."

"காலையில எரிஞ்சு விழுந்ததுக்குக் கோவமா?"

"ஐயோ, கோவம் எல்லாம் இல்லைங்க. சொல்ல மாட்டேன்."

"வேற எதுக்கு? சரி, ஒத்துக்கறேன். உன் மிக்ஸி ஜாரை உடைச்சது பூனை இல்ல, நான்தான்."

"பூனை இல்லையா? ஒரு வாரமா அந்தப் பூனைக்குப் பால் ஊத்தாம இருக்கேன். வீட்டுக்கு வந்து பேசிக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. மறுபடி போட்டார். அணைத்துவைத்திருந்தாள்.

பதற்றத்தில் மூளை ஓடவில்லை. கடைசியாகக் காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டார். "பூனை."

இரண்டாவது பெருக்கல் குறி விழுந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள். முதல்முறையாக அப்பா வந்திருக்கிறார், அவரோடு போக முடியவில்லை.

"கடைசி தடவை சார். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் எழுத்தர் அம்மா. ஏனோ அவர் குரலும் கெஞ்சுவதுபோல் இருந்தது.

பூட்டுக்காரர் யோசித்தார். பிறகு வாசல் படியிலேயே, மகளின் கண்ணில் படும்படி உட்கார்ந்தார்.

"வேணாம்மா. இதுவும் தப்பாப் போனா அவ நோயாளிங்களை விட்டுட்டு ஓடி வரணும். டியூட்டி முடிஞ்சு நிதானமா வரட்டும். அதுவரைக்கும் பாப்பாவைப் பாத்துக்கிட்டு இங்கயே இருக்கேன். நீங்க எவ்வளவு கேட்டாலும் சரி. சொல்ல மாட்டேன்."

எழுத்தர் அம்மா பெருமூச்சு விட்டு நோட்டில் சரி என்று குறித்தார். எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"இதைத்தான் சார் பாப்பா அப்பவே உங்க காதுல சொல்லுச்சு."