கயிற்றுக்குப் பின்பக்கம் நலம்

ராகலையில் இருக்கும் மச்சான் யோகேஸ்வரன் அவர்களுக்கு, நோர்வூட்டிலிருந்து உங்கள் தங்கை வீட்டுக்காரன் இராமையா மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மீனம்மாவும் மகள் தனுஷிகாவும் கயிற்றுக்குப் பின்பக்கம் நலமாக இருக்கிறோம். அங்கே அக்காவின் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீங்கள் செயலாளராக இருக்கும் நினைவு இல்லக் குழுவும் நீடூழி வாழட்டும்.

மச்சான், எழுத்தாளர் சகோதரர்கள் மாயாண்டியும் சின்னத்தம்பியும் பிறந்து வளர்ந்தது நாங்கள் குடியிருக்கும் இந்தத் தோட்டத்து லயத்துக் காம்பராவில்தான் என்று நீங்கள் கண்டுபிடித்தபோது நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். வாசலில் பலகை அடித்தீர்கள், கைதட்டினேன். முன்னறைக்குக் குறுக்கே கயிறு கட்டி, இது அவர்கள் காலத்தில் இருந்தபடியே இருக்கட்டும், நீங்கள் பின்னாலுள்ள குசினியில் இருந்துகொள்ளுங்கள் என்றீர்கள், அதற்கும் தலையாட்டினேன். ஆனால் பெருமழைக்கு முன்னால் கூரையை மாற்ற நான் வாங்கிய புதுத் தகரத்தைப் போடக்கூடாது, பழைய தகரம் வரலாறு என்று சொல்லிவிட்டீர்களே, அன்றிலிருந்து அந்த வரலாறு ஒழுகி, கயிற்றைத் தாண்டி, குசினியில் அடுப்புவரைக்கும் வந்துபோகிறது.

பார்க்க வருகிறவர்கள் நல்ல மனிதர்கள்தான். கொடியில் காய்ந்த, நான் இடுப்பில் கட்டும் சாரத்தை, இது அண்ணனுடையதா தம்பியுடையதா என்று கேட்டுப் படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒருவர் ஒழுகுகிற இடத்தில் நின்று கண்கலங்கினார். வாளி வைக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி நின்று அழுங்கள் என்று தன்மையாகக் கேட்டுக்கொண்டேன். சகோதரர்களின் முதல் கதையே, கூரை ஒழுகுகிறது, மாற்றித் தாருங்கள் என்று தோட்டத்துத் துரையிடம் கெஞ்சுவதுதானாம். குழு வைத்திருக்கும் வழிகாட்டிப் பிள்ளை சர்மிளா அதைத் தினமும் உருக்கமாகச் சொல்கிறாள். துரை அன்றைக்கு மாற்றித் தரவில்லை. இன்றைக்கு அந்தச் சகோதரர்களின் நினைவாக நீங்கள் மாற்ற விடவில்லை.

இதையும் பொறுத்திருப்பேன், ஞாயிற்றுக்கிழமை நடந்ததுதான் பொறுக்கவில்லை. தனுஷிகாவைப் பெண் பார்க்க வட்டவளையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள் அல்லவா, நான் ரோட்டுக்கு வழிகாட்டப் போன நேரத்தில் அவர்கள் குறுக்குப் பாதையால் ஏறி வந்துவிட்டார்கள். பலகைக்குக் கீழே நின்ற சர்மிளா, மாப்பிள்ளை ஜீவராஜையும் அவன் அம்மா ஜீவராணியையும் வரிசையாக நிற்க வைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, முதல் கதையிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். அந்த அம்மா கால் வலிக்கிறது என்று முன்னறைக் கட்டிலில் உட்காரப் போனபோது, “இங்க யாரும் உக்காரக்கூடாதுங்க, வீட்டுக்காரங்களே உக்கார மாட்டாங்க” என்று சொல்லியிருக்கிறாள். அதே நேரம் பின்வாசலால் இல்லத்தைப் பார்க்க வந்த ஹட்டன் ஆசிரியர்களை மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்து உங்கள் தங்கை குசினிக்குள் அழைத்து, கேசரி, வடை எல்லாம் கொடுத்து, தனுஷிகாவைத் தேத்தண்ணியோடு அனுப்பியிருக்கிறாள். அவளும் தலை குனிந்தபடியே ஒரு கணக்கு வாத்தியாருக்குக் கொடுத்திருக்கிறாள். அவருக்குக் கல்யாணமாகிப் பேரப்பிள்ளையும் இருக்கிறது. குழுவின் உபசரிப்பு அருமை என்று சொல்லி இரண்டாம் முறையும் கேசரி வாங்கிச் சாப்பிட்டார்களாம்.

நான் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது மழை பிடித்துவிட்டது. மாப்பிள்ளையின் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. சர்மிளா, இதுதான் கதையில் வரும் ஒழுக்கு, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் என்றாள். ஜீவராணியம்மா கயிற்றைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், குசினியில் வாய் துடைத்துக்கொண்டிருந்த வாத்தியார்மாரைப் பார்த்தார். கேசரி முடிந்துவிட்டதால் வெறும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, “போயிட்டுச் சொல்லி அனுப்புறோங்க” என்றார். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தமென்று உங்களுக்குத் தெரியும். தனுஷிகா கயிற்றுக்குப் பின்னால் நின்று அவர்கள் இறங்கிப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது மச்சான், எனக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆகவே இதுதான் என் முடிவு. வருகிற கிழமைக்குள் பலகையைக் கழற்றுங்கள், கயிற்றை அவிழுங்கள். இல்லாவிட்டால் நானே ஏறித் தகரத்தை மாற்றிவிட்டு, உறவு முறிந்தாலும் பரவாயில்லை என்று இருந்துவிடுவேன். அக்காவுக்கு என் அன்பு. மாரியம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் இரக்கமும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இராமையா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஜீவராணியம்மா எனக்குப் போன் எடுத்தார். வாத்தியார்மாரெல்லாம் வேன் பிடித்து வந்து குசினியில் அடக்கமாகச் சாப்பிட்டுப் போகும் வீடு என்று வட்டவளை முழுக்கப் பெருமையாகச் சொல்லிவிட்டாராம். சம்மதமாம். ஆனால் கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லோரும் வீட்டைப் பார்க்க வருவார்களாம், எதையும் மாற்றிவிடக்கூடாதாம். ஆகையால் பலகை இருக்கட்டும், கயிற்றை மட்டும் புதிதாகக் கட்டிவிடுங்கள். சர்மிளாவையும் வரச் சொல்லுங்கள். பின்னால் அடுக்கி வைத்திருக்கும் புதுத் தகரத்தைப் பற்றி இனி யோசிக்க வேண்டாம். கல்யாணச் சீராக அதைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் காம்பராவும் ஒழுகுகிறதாம், ஆனால் அங்கே யாரும் கதை எழுதவில்லையாம்.