மிஸ்ஸிங் அனுப்பிய தந்தி

அறுபதுகளில் போர்ட் பிளேரில் எந்த இன்ஜினும் மிஸ்ஸிங் அண்ணனைக் கேட்காமல் நின்றதில்லை. அப்படித் துணிந்து நின்றுபோன ஒன்றிரண்டையும் அவர் மறுபடி ஓடவிட்டு, "இப்ப நில்லு" என்று உத்தரவு கொடுத்து நிறுத்தினாராம். நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. கராச்சர்மாவில் ஒரு தகரக் கொட்டகைதான் பட்டறை. வருகிறவர் வங்காளியோ தெலுங்கரோ மலையாளியோ, கூப்பாடு மட்டும் ஒன்றுதான்: "உஸ்தாத், காடி மிஸ்ஸிங் மார்தா ஹை!" மேஸ்திரி, வண்டி மிஸ்ஸிங் அடிக்குது என்று அர்த்தம். வண்டி நின்றபடி இருக்க இன்ஜின் மட்டும் ஓடும்போது சீராக உறுமாமல், நடுவில் ஒரு துடிப்பை விழுங்கிவிட்டு உதறினால் அதற்குப் பெயர் மிஸ்ஸிங். உப்புக் காற்றும் ஓயாத மழையுமாக இருந்த தீவில் அந்த வியாதி இல்லாத வண்டியே கிடையாது. நாளுக்குப் பத்து தடவை அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

அவரிடம் படாக் மரக் குச்சி ஒன்று இருந்தது, சாத்தம் மர ஆலையில் கழித்துப் போட்டது. ஒரு முனையை இன்ஜின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடக்கூடாது. ஒருமுறை பெரிய அதிகாரி ஒருவர் தும்மித் தொலைத்தார். அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "உங்க மிஸ்ஸிங் நெஞ்சுல சார். ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். வண்டியை விட்டுவிட்டு மனிதர் உண்மையிலேயே போய்விட்டார்.

நான் ஒரு கான்ட்ராக்டரிடம் கிளார்க்காக இருந்தேன். அண்ணனுக்கு எழுத்து வராது. மானாமதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அவர் அம்மா யாரையாவது பிடித்து எழுதச் சொல்லும் கடிதங்களை நான்தான் படித்துக் காட்டுவேன், பதிலும் எழுதுவேன். உறையில் என் முதலாளியின் பெயரும் விலாசமும்தான் இருக்கும், உள்ளே 'மகனே' என்றுதான் தொடங்கும். பன்னிரண்டு வருஷமாக ஒரே பதில்: "அடுத்த கப்பலில் வருகிறேன்." அடுத்த கப்பல் வரும், போகும். அந்த வாரம் பார்த்து யாருடைய ஜீப்பாவது உதறிக்கொண்டு நிற்கும்.

ஒரு நாள் அண்ணனின் தங்கை கணவரிடமிருந்து கடிதம் வந்தது. 'ஆத்தா படுத்த படுக்கையாகிவிட்டது. உங்களை ஒருமுறை பார்த்தால் போதும் என்கிறது.' மூன்று தடவை படிக்கச் சொன்னார். பிறகு ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"ஆத்தா ஐடிலிங்ல நிக்குது தம்பி. எப்ப வேணா ஆஃப் ஆயிரும். இந்தக் கப்பலை விடக் கூடாது."

கப்பலின் அடித்தட்டில், பங்க் கிளாஸில், அவரே போய் டிக்கெட் வாங்கிவந்தார். தபால் ஆபீஸுக்குப் போய் ஊருக்கு ஒரு தந்தியும் கொடுத்தேன். தந்தியில் வார்த்தைகளைச் சுருக்குவதில் எனக்கு அப்போது பெரிய கர்வம். 'ஸ்டார்ட்டிங் நெக்ஸ்ட் ஷிப்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அடுத்த கப்பலில் புறப்படுகிறேன். அனுப்புகிறவர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் என் பாழாய்ப்போன கை பழக்க தோஷத்தில் 'மிஸ்ஸிங்' என்று எழுதிவிட்டது.

கப்பல் கிளம்பும் நாள். முதலாளியின் பழைய காரில் அண்ணனை ஏற்றிக்கொண்டு சாத்தம் துறைக்குப் புறப்பட்டேன். வழியில் பத்துபஸ்தியில் மாடுகள் சாலையைக் கடந்தன. வண்டியை நிறுத்தினேன். ஓடும்போது ஒழுங்காக இருந்த இன்ஜின், வண்டி நின்றதும் உதற ஆரம்பித்தது. அண்ணன் முகம் மாறியது.

"ஓரங்கட்டு."

"அண்ணே, கப்பல்!"

"ரெண்டே நிமிசம்ப்பா."

பானெட்டைத் திறந்து பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கிச் சத்தம் கேட்டார். "எந்த வயரைப் பிடுங்குனாலும் சத்தம் மாறுது, பாத்தியா? அப்ப நாலு பிளக்கும் வேலை செய்யுது. நாலும் சேந்து தடுமாறுதுன்னா பாயிண்ட்தான்." டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார். நாலு பிளக்குக்கும் மின்சாரத்தை வெட்டி வெட்டி விடுகிற பாயிண்ட் கருகிக் குழிவிழுந்திருந்தது. "கண்டன்சரும் போச்சு. அதான் இப்படிக் கருகிருக்கு."

டவுனுக்குப் போகிற பஸ் வந்தது. "ஏறிப் போங்கண்ணே, வண்டியை நான் பார்த்துக்கிறேன்" என்று கெஞ்சினேன். "மிஸ்ஸிங்கோட விட்டுட்டுப் போனா கப்பல்ல எனக்குத் தூக்கம் வராது தம்பி." பஸ் போய்விட்டது. தகரப் பெட்டியைத் திறந்து, அம்மாவுக்கு வாங்கிய சேலைக்கு அடியிலிருந்து புதுப் பாயிண்ட்டும் கண்டன்சரும் எடுத்தார். சாகக் கிடக்கும் தாயைப் பார்க்கக் கண்டன்சரோடு கிளம்பிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். மாட்டி முடித்து, பாயிண்ட் இடைவெளியை அளக்க எதுவும் அகப்படாமல், சட்டைப் பையிலிருந்த கப்பல் டிக்கெட்டை மடித்து நடுவில் விட்டுப் பார்த்தார். அப்போதுதான் கப்பலின் சங்கு ஊதியது.

பறந்தோம். துறையில் காரை நிறுத்தியபோது கப்பலுக்கும் கரைக்கும் நடுவே நிறையத் தண்ணீர் இருந்தது. அண்ணன் இறங்கினார். கப்பல் பக்கம் திரும்பவே இல்லை. பானெட்டைத் திறந்து, குச்சியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இப்பக் கேளு. மிஸ்ஸிங்கே இல்லை."

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வீட்டுக்குப் போக அவருக்குப் பயம் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. பன்னிரண்டு வருஷம் கழித்து எந்த முகத்தோடு போவது?

ஒரு வாரம் கழித்துத் தங்கை கணவரின் தந்தி வந்தது: 'எப்போது காணாமல் போனார். விவரம் அனுப்பவும்.' ஊரில் யாரோ ஆங்கிலம் தெரிந்தவர், கப்பல் ஏறப் புறப்பட்ட ஆளைக் காணவில்லை என்று என் தந்தியைப் படித்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எழுதியது அதுதானே. ஓடிப்போய், 'காணாமல் போகவில்லை. கப்பல்தான் போய்விட்டது' என்று பதில் தந்தி கொடுத்தேன்.

அண்ணன் அதற்கடுத்த கப்பலில் போனார். இரண்டு மாதம் கழித்து மொட்டைத் தலையில் முடி அரும்பத் திரும்பி வந்தார். அவரே சொன்னார்.

"உன் தந்தி வர்றதுக்கு மொத நாளே ஆத்தா போயிருச்சு தம்பி. தந்தியால ஒண்ணுமில்லை. நீ மனசுல வச்சுக்காத."

முதல் நாளே போயிருந்தால் தங்கை கணவரின் தந்தியில் அதைப் பற்றி ஏன் ஒரு வார்த்தைகூட இல்லை? என் தந்தியைக் கேட்ட பிறகுதான் ஆத்தா போயிருக்கிறது என்பது எனக்கு உடனே உறைத்தது. அன்றைக்கும் கேட்கவில்லை, அவர் இருந்தவரை பிறகும் கேட்கவில்லை. குச்சியே இல்லாமல் என் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்டுத்தான் அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

போகும்போது திரும்பி, "இனிமே தந்தி எழுதுனா பேரை ஒழுங்கா எழுது, என்ன?" என்று சொல்லி, முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரைச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் பெயரில் தந்தி எதுவும் எழுத வேண்டி வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து என் மூத்த மகன் பிறந்தான். அவனுக்குப் பெயர் எழுதச் சொன்னபோது அண்ணனின் அந்தப் பெயரையே எழுதினேன், ஒழுங்காக.