சம்மாட்டியாருக்கு நான் வைத்த கண்கள்

செத்துப்போன ஒரு மனிதரை இரண்டாந் தரமும் சாகடித்தவன் நான். என்னைப் பெரிய கலைஞன் என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு இது தெரியாது. (என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.)

யுத்தத்துக்கு முந்திய அந்த நாட்களில் யாழ்ப்பாணப் பட்டணத்தில் என் ஸ்டூடியோவுக்கு நல்ல பேர். கலியாணப் பெண்ணை எந்தப் பக்கம் திருப்பினால் மூக்கு எடுப்பாகத் தெரியும், கூறைச் சேலையை எப்படி மடித்துவிட்டால் உடம்பு மெலிந்து தெரியும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் பிடித்த படத்தைப் பார்த்தே சம்மதம் சொன்ன மாப்பிள்ளைகள் உண்டு. (பிறகு பெண்ணைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தவர்களும் உண்டு.)

ஒருநாள் மயிலிட்டியிலிருந்து ஆள் வந்தது. நாலு வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்த முத்தையா சம்மாட்டியார் காலமாகிவிட்டார். உயிரோடிருந்தபோது ஒரு படமும் எடுக்காத மனிதராம். கிடத்தியிருந்தவரின் முகத்தை ஒரேயொரு கண்ணாடி நெகட்டிவில் பிடித்தேன். புறப்படும்போது அவர் மனைவி அன்னப்பிள்ளை வாசல்வரை வந்தார்.

“தம்பி, அவர் முழிச்சிருக்கிற மாதிரிச் செய்து தருவீரோ?”

“ஓம் அம்மா. உயிரோடை இருக்கிற மாதிரியே தாறன்.”

அந்தக் கண்கள் எப்படியிருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கலைஞன் கேட்பானா?

நெகட்டிவிலேயே இமைகளைச் சுரண்டினேன். பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதில் தெரிந்த மிக அழகான இரண்டு கண்களை அப்படியே கீறினேன். என் கண்கள்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டில், சொந்தம் முழுவதும் கூடியிருக்க, படத்தின் மேலிருந்த வெள்ளைத் துணியை நானே விலக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. நான் அதைப் பாராட்டு என்று நினைத்து லேசாகத் தலையும் குனிந்தேன்.

“இது ஆர்?” என்றார் அன்னப்பிள்ளை.

“என்னம்மா, ஐயாதானே?”

“அவருக்கு வலக்கண் இல்லைத் தம்பி. இருவது வயசிலை தூண்டில் கொழுவிப் போன கண்.”

சம்மாட்டியாரின் தமையன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். “எடேய், உது உந்தப் படக்காரன்ரை கண்ணெல்லே!”

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். அந்தியேட்டி வீட்டில் சிரிப்பு! சிரித்தவரைத் திட்டிக்கொண்டே மற்றவர்களும் சிரித்தார்கள். அன்னப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை.

“கண் மூடினபடி வேறை ஒண்டு அடிச்சுத் தாரும், எனக்கு அது போதும்” என்றார்.

முடியாது. இருந்த ஒரே நெகட்டிவைச் சுரண்டிவிட்டேன். அதையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. படத்தின் கண்களை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மிச்ச முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

“இப்ப அவர்தான்” என்றார்.

கொஞ்சம் சந்தனம் குழைத்து, கண்ணிருந்த இரண்டு இடத்திலும் அப்பிவிட்டார். அப்படியேதான் அந்தப் படம் சுவரில் ஏறியது. நான் பஸ்ஸுக்குக் காத்திராமல், கமராப் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு காங்கேசன்துறை வரை நடந்தேன்.

இப்போது எனக்கு எழுபது வயது. மத்தியானம் சாய்மனைக்கதிரையில் சற்றுக் கண்ணயர்ந்தால் போதும், மூத்த மகள் தங்கையைக் கூப்பிடுவாள்: “இஞ்சை ஓடிவா, அப்பா கண்ணை மூடிட்டார். ஆரின்ரை கண்ணைக் கீறுவம்?”

நான் அவசரமாக முழித்துக்கொள்வேன்.