மீன் தலையும் முக்காலியும்

வெண்கலம் அண்ணன் பினாங்கில் நின்று ஒரு குரல் கொடுத்தால், கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு தொண்டை. ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்கலத் தட்டில்தான் சாப்பிடுவார் என்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

ஆயர் ஈத்தாமுக்கு டிராம் ஓடிய காலம். படகுக்காரத் தெருவில் ஒரே வீட்டில், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களும் மூட்டைகளுக்குக் கணக்கெழுதும் நானும் கூட்டுச் சமையலில் குடியிருந்தோம். ஞாயிறு என்றால் கொடுவா மீன் குழம்பு. எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டு. தலை மட்டும் தண்டலுக்கு. எங்களை வேலை வாங்குகிற அந்த மனிதர் முக்காலி போட்டு உட்கார்ந்து, செருமிக்கொண்டு, தலையைச் சர்ரென்று உறிஞ்சுவார். நாங்கள் தரையில் உட்கார்ந்து எச்சில் விழுங்குவோம்.

ஒரு ஞாயிறு வெண்கலம் அண்ணன் தட்டைத் தட்டினார்.

"மீனுக்கு ஒரு தலைதான், சரி. திங்கறதுக்கு எங்களுக்கெல்லாம் வாய் இல்லையா?"

நாங்களும் எங்கள் மங்குத் தட்டுகளைத் தட்டினோம். தெருநாய்கள் சிதறி ஓடின. தண்டல் பாயைச் சுருட்டிக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போனார். முக்காலியைக் கொல்லையில் வீசினோம். வீட்டு நிர்வாகம் வெண்கலம் அண்ணன் கைக்கு வந்தது. இனி வாரத்துக்கு ஒருவருக்கு, முறை வைத்துத் தலை என்றார். கடைசி முறை சடையனுக்கு. அவன் அதிர்ந்து பேசாத ஆள். "ஊருக்குக் கப்பலேறுறதுக்குள்ள ஒரு தலை தின்னுருவேன்லண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

முதலில் அண்ணன் வாலைத்தான் தின்றார். சத்தியம். பிறகு ஒரு நாள், "தலையில முள்ளு ஜாஸ்தி. எவன் தொண்டையிலயாவது மாட்டுனா யாரு ஜவாப்பு? நான் பாத்துட்டுத் தர்றேன்" என்றார். பார்த்துக் கொடுத்த தலையில் மீனுக்குக் கண் இல்லை. அடுத்த வாரம் கன்னமும் இல்லை. தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பார்கள். இவர் முழங்கை வரை போய்விட்டார். முட்டி வலிக்கிறதென்று முக்காலி உள்ளே வந்தது. சமையற்காரர் ஒரு நாள் தலையை அவரிடம் கொடுக்கத் தயங்கியபோது, "தலைவன் தெம்பா இருந்தாத்தானே உங்களுக்காகக் கத்த முடியும்லா?" என்று முழுத் தலையையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் செருமவும் ஆரம்பித்தார். அச்சு அசல் தண்டல்.

சடையன் கப்பலேறும் வாரம் வந்தது. அந்த ஞாயிறு அவன் முறை. தலை முக்காலிக்குப் போயிற்று. சடையன் விரலால் தட்டை மெல்லச் சுண்டினான். டிங். பக்கத்திலிருந்தவன் தட்டினான். பிறகு வீடே அதிர்ந்தது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் வெண்கலம் அண்ணனுக்குப் பழைய ரத்தம் ஏறிவிட்டது. குழம்பு தெறிக்கத் தெறிக்க, எங்கள் எல்லாரையும் விட ஓங்கித் தன் தட்டைத் தட்டினார்.

"எவன்டா அது, அடுத்தவன் பங்கைத் திங்கிறவன்? எந்திரிடா முக்காலிய விட்டு!"

சொன்னதோடு எழுந்தும் விட்டார். எழுந்தவர் முக்காலியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தட்டிலிருந்து தலை அவரைப் பார்த்தது.

"அட... நான்தானா?"

வீடு உருண்டு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. தட்டோடு கொண்டுபோய்ச் சடையன் முன்னால் வைத்துவிட்டு, தரையில் அவன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சடையனுக்கு மனசு கேட்கவில்லை. "கண்ணை மட்டும் நீங்க எடுத்துக்குங்கண்ணே."

"வேணாம்டா தம்பி. அங்கதான் ஆரம்பிச்சுச்சு."

இப்போது என் வீட்டில் மீன் தலை எனக்குத்தான், கேட்பாரில்லை. வாயில் வைக்குமுன் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எங்கிருந்தாவது அந்த வெண்கலத் தட்டு ஒருமுறை ஒலிக்காதா என்றிருக்கிறது.