குளியலறையில் தொங்கும் குழல்

டிசம்பர் 9

மரியாதைக்கும் பாசத்துக்கும் உரிய மச்சான் ஹார்லன் அவர்களுக்கு, உங்கள் தங்கை வெர்னாவின் கணவன் டெல்மர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், குளியலறையைத் தவிர. உங்கள் முழங்காலும் நாய்க்குட்டிகளும் நலமென நம்புகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சிக்கிமுக்கிக் கல் துப்பாக்கிக்கான மான் வேட்டை தொடங்குகிறது. இன்னும் பதினேழே நாள். நம் வேட்டைக் கேபினின் சட்டத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, போட்டவரே நீங்கள்தான். தன் கையால் செய்து முடித்த துப்பாக்கி இல்லாதவன் பாத்திரம் கழுவ வேண்டும். ஆறு வருஷமாகக் கழுவுகிறேன். நீங்கள் மான் கதை பேசும்போது நான் பன்றிக்கறி அடிப்பிடித்த சட்டியோடு மல்லுக்கட்டுகிறேன். ஏழாவது வருஷமும் கழுவ என்னால் முடியாது, மச்சான். அதற்காகத்தான் வெர்னா என் பிறந்தநாளுக்கு பாகம் பாகமாக வரும், நாமே செய்து பூட்ட வேண்டிய துப்பாக்கி கிட் ஒன்றை வாங்கித் தந்தாள். கட்டையை இழைத்தாயிற்று, பித்தளையும் பளபளக்கிறது. குழலுக்கு நிறமேற்றுவதுதான் பாக்கி, அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் புட்டியில் வரும் நீல மருந்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினேன். அரை மணியில் முடிந்தது, பார்த்தால் தேமல் விழுந்த முதுகு மாதிரி இருக்கிறது, சுரண்டி எடுத்தேன். காஸ்டிக் சோடாக் காரத்தில் கொதிக்கவிட்டால் கடைத் துப்பாக்கியின் நிறம் வரும் என்று படித்து, கூரைத் தண்ணீர் வடிகிற தகரத்தைக் கழற்றித் தொட்டியாக்கினேன். அப்போது நம் துப்பாக்கி கிளப்பின் ஓரின் வந்து, "அடப்பாவி, அந்தக் காரம் குழலுக்கு அடியில பட்டையை ஒட்டவச்ச ஈயத்தைத் தின்னுடும்யா! அப்புறம் குழல் ஒரு பக்கம், பட்டை ஒரு பக்கம். துருப்பிடிக்க விடு, அதைக் கொதிக்கவச்சுத் தேய், நீலமாகும்" என்றார். கொதிக்க வைக்காமல் விட்டால் பழுப்பாகும், பழைய காலத்துத் துப்பாக்கி பழுப்புதான் என்றும் சொல்லிவிட்டு, என் காபியைக் குடித்துவிட்டுப் போனார். நீலமா, பழுப்பா? எனக்குச் சோறு இறங்கவில்லை.

எதுவானாலும் துரு வேண்டும், துருவுக்கு ஈரம் வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரம் குளியலறையில் மட்டும்தான். குழலை எண்ணெய்ப் பசை போகக் கழுவி, அதன் இரண்டு முனையிலும் மரக்கட்டை அடைத்து, துரு மருந்தை ஒருமுறை தடவி, திரைக்கம்பியில் தொங்கவிட்டேன். தொங்கவிடும்போது கையுறை இல்லாமல் கட்டைவிரலால் பிடித்துத் தொலைத்தேன்! விரல் பட்ட இடத்தில் மருந்து பிடிக்காதாமே? தினம் பத்துமுறை போய்ப் பார்த்தேன். வெர்னா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, நான் குளிக்கிறதா வேண்டாமா? குழலைப் பாத்துப் பெருமூச்சு விடுறதுக்கா இந்த ரூம்? கீழ் அறையில போய்க் குளிங்க, நிறம் வந்தா சொல்றேன்" என்று தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அதனால் கீழே குளித்துக்கொண்டு, யோசித்துக்கொண்டு இருக்கிறேன். நீலமா பழுப்பா என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், கொதிக்க வைக்க நீளத் தொட்டி இருந்தால் உடனே அனுப்புங்கள்.

உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் என் வணக்கம். உங்கள் வெடிமருந்து நனையாமல் இருக்கட்டும், கல் தவறாமல் பொறி விடட்டும்.

இப்படிக்கு,
தூக்கமில்லாத டெல்மர்

பி.கு.: இன்று இருபதாம் தேதி. இந்தக் கடிதம் கோட்டுப் பையிலேயே கிடந்திருக்கிறது. தொட்டி வேண்டாம். காலையில் வெர்னா கதவைத் திறந்தாள். குழல் முழுக்க ஒரே சீரான பழுப்பு, அப்படி ஒரு அழகு! "நீங்க யோசிச்சுக்கிட்டே இருந்தீங்க. நான் பல் தேய்க்கும்போதெல்லாம் துருவைத் தேய்ச்சுவிட்டு ஒரு கை மருந்து தடவினேன், அவ்வளவுதான்" என்கிறாள். துப்பாக்கியை முடித்தவள் தான்தானே, சட்டம் சட்டம்தானே என்று வேட்டைக்குப் போடும் ஆரஞ்சுச் சட்டையும் எடுத்து வைத்துவிட்டாள். கேபினில் உங்கள் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள், பாத்திரம் தேய்க்கிற நார் நான் கொண்டுவருகிறேன். குழலின் நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் வெளுத்திருக்கும், எல்லோருக்கும் காட்டுங்கள். அது என் கட்டைவிரல்.