குடத்தில் போடாத கடல்

உத்திரமேரூர்,
2-12-1963

தேவ கிருபையினால் ஸ்பெயின் தேசத்தில் சுகமாக இருக்கிற, அப்படி இல்லாவிட்டால் இந்தக் கடிதம் கண்டதும் சுகமடைய வேண்டிய என் மூத்த குமாரத்தி லூர்துமேரிக்குத் தகப்பன் ஐசக் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மா மார்த்தாளும் எருமையும் க்ஷேமம். எருமைக்கு நடுவில் கொஞ்சம் இருமல் இருந்தது, இப்போது இல்லை. மழை நன்றாகப் பெய்து ஏரி கலங்கல் வழிகிறது. அங்கே ரசம் வைத்துக் கொடுப்பார்களா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

இனி விஷயம். நீ போன பிறகு இதுவரை மூன்று கடிதம் போட்டிருக்கிறாய். மூன்றிலும் தவறாமல் ஒரு வரி வருகிறது: 'நைனா, நீங்கள் குறித்துக் கொடுத்த நாலு பாடங்களையே படிக்கிறேன், நன்றாகப் போகிறது.' வேறு எந்தத் தகப்பனும் இதைப் படித்துவிட்டு மீசையை நீவிக்கொள்வான். எனக்கு அந்த வரியைப் பார்த்த நாளில் சோறு இறங்குவதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியாது. நான் செய்த காரியத்தை யாரும் உனக்கு எழுதியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் ஊரில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் அந்தக் காரியத்தில் கூட்டு. ஆகையால் நானே எழுதிவிடுகிறேன். படித்து முடிக்கும்வரை பொறுமையாக இரு, கோபம் வந்தால் முடித்த பிறகு பட்டுக்கொள்.

உங்கள் கல்லூரியில் உனக்கு அந்தப் பாஷை சொல்லிக்கொடுத்த ஸ்பெயின் சிஸ்டர் கொடுத்தனுப்பிய தாள் நினைவிருக்கும். அந்த ஊர் யூனிவர்சிட்டியில் ஆறு மாதத்துக்குப் பத்துப் பாடம், அதில் நாலு எடுக்க வேண்டும், தகப்பனார் அல்லது தாயார் ஒப்பம் வைத்து அனுப்ப வேண்டும். ஒரே மாதிரி இரண்டு தாள் வந்தது என்று சொல்லி ஒன்றை என்னிடம் கொடுத்தாய். நீயே குறித்துவிட்டு நீட்டியிருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேனா என்று கேட்டால், போட்டிருக்க மாட்டேன். ஒன்றாம் வகுப்பு சிலேட்டிலிருந்து காலேஜில் விலங்கியல் வரைக்கும் உனக்கு எல்லாம் தேர்ந்தெடுத்தவன் நான். அந்தப் பழக்கத்தில், 'அவசரமில்லை, நான் பார்த்துக் குறிக்கிறேன்' என்று தாளை வாங்கி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து, காலேஜுக்குத் திரும்பச் செங்கல்பட்டு பஸ் ஏறும்போது கேட்டாய், பார்த்தீர்களா என்று. பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "நீங்க பாத்து குறிச்சா சரி நைனா, எனக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று சொல்லி ஏறிவிட்டாய்.

மேரி, இதை எழுத வெட்கமாக இருக்கிறது. தாளை நீ கொடுத்த அன்றைக்கே நான் பார்த்தேன். ஏழாவது பாடத்துக்கு எதிரே பென்சிலால் ஒரு புள்ளி. சின்னப் புள்ளி, கடுகில் பாதி. 'கடலும் கடல்வாழ் உயிர்களும்' என்ற பாடம் அது. நான் அதை ஈ வைத்த புள்ளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் வீட்டு ஈ ஒரு தாளில் ஒரே ஒரு புள்ளி, அதுவும் வரிக்கு நேராக, வைக்காது என்பது எனக்குத் தெரியும். உனக்கு ஏழு வயதில் பள்ளிப் பிள்ளைகளை எல்லாம் மகாபலிபுரம் அழைத்துப் போனேனே, அது அப்போதே ஞாபகம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் கல் யானையைப் பார்த்தார்கள், நீ பாவாடை நனைய அலையில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றாய். காதைப் பிடித்து இழுத்து வந்தேன். திரும்பும் வழியில் பஸ்ஸில் நாற்றம் வருகிறது என்று ஆளாளுக்குச் சத்தம் போட, சோதித்துப் பார்த்தால் உன் டிபன் டப்பாவில் ஒரு நண்டு. நம் ஏரியில் விட்டு வளர்க்கப் போகிறேன் என்றாய். டப்பாவோடு பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்தேன். நீ அழவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக, புது டப்பா எந்த நிறத்தில் வேண்டும் என்று நான் கேட்டதற்கு, எனக்கு எல்லாம் ஒண்ணுதான் நைனா என்றாய். அதன் பிறகு எதைக் கேட்டாலும் அதே பதில். அதை நான் அடக்கம் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன் அந்தப் புள்ளி மேல் ஒரு குறி போட்டு அனுப்ப வேண்டியதுதானே. போடவில்லை. நீ பஸ் ஏறிய மறுநாள், ஸ்பெயினுக்கு எத்தனை தபால் தலை ஒட்ட வேண்டும் என்று கேட்கப் போஸ்ட்மாஸ்டர் தாமோதரனிடம் போனேன். அவர் என்ன விஷயம் என்று கேட்டார், சொன்னேன். சாயங்காலத்துக்குள் கம்பவுண்டர் வேதகிரி வந்துவிட்டார். அவருக்குப் பின்னாலேயே பக்கத்துப் பெருநகர் கிராமத்திலிருந்து மணியக்காரர் கிருஷ்ணசாமி வில்வண்டி கட்டிக்கொண்டு வந்தார். உன் தாத்தா பச்சமுத்து அவர்கள் வீட்டு நிலத்தில்தான் ஏர் பிடித்தார் என்பது உனக்குத் தெரியும். அந்த வீட்டு வண்டி நம் வாசலில் வந்து நின்றது அதுவே முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆளுக்கொரு பாடம் சொன்னார்கள், ஒருவர் சொன்னது ஒருவருக்குப் பிடிக்கவில்லை. அப்போது, எந்தப் பிசாசு என் நாக்கில் உட்கார்ந்ததோ, குடவோலை போட்டு எடுத்துவிடலாமே என்றேன்.

வருஷா வருஷம் நான் ஐந்தாம் வகுப்புக்கு நடத்தும் பாடம். கோயில் சுவரில் சோழர் காலத்துக் கல்வெட்டைக் காட்டி, பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள் என்று விளக்கி, வகுப்பில் ஒரு மண் குடம் வைத்துச் செய்தும் காட்டுவேன். யார் பெயரைக் குடத்தில் போடலாம் என்ற விதி வரும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். வரி கட்டுகிற சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். நம் முன்னோர் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. நம் வீட்டு விஷயத்துக்காக ஒரு குடம் வைத்து, மணியக்காரர் முதலாக நாலு பெரிய மனுஷர் சுற்றி உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. என் ஆசைக்கு நீ படிக்கப் போகிற படிப்பை எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கூடினோம். விதிப்படி முதலில் தகுதி பார்க்க வேண்டும் என்றார் மணியக்காரர். திராட்சை சாகுபடி என்ற பாடத்தை, அதிலிருந்து சாராயம் எடுப்பார்கள், நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு இருக்கிறது என்று கம்பவுண்டர் தள்ளினார். கிராமிய நடனத்தை நான் தள்ளினேன், காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. அடுத்தது கடல். ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தேன். மணியக்காரர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "அதுக்கு இன்னா நெலம் கீது வாத்தியாரே? சென்ட் நெலம் இல்லாதத கொடத்துல போடலாமா?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, 'நிலமில்லை, தள்ளுபடி' என்று சொல்லி அந்த ஓலையைக் கீழே வைத்தேன். பச்சமுத்து மகன் ஐசக் தன் வாயால் அப்படிச் சொன்னான், மேரி. முப்பது வருஷமாக அந்த விதியைப் படிக்கும்போது குரல் இறங்குகிறவன் சொன்னான்.

பிறகு குடத்தில் கை விட ஆள் வேண்டியிருந்தது. விவரம் அறியாத பாலகன் எடுக்க வேண்டும் என்பது கல்வெட்டு. இங்கே விவரம் அறியாதவர் யார் என்ற பேச்சு வந்ததும் கம்பவுண்டர் என்னைப் பார்த்தார். நானே எடுத்தேன். இலக்கணம், ராஜாக்கள் சரித்திரம், கிட்டார் வாத்தியம், காளைப் போர் சரித்திரம், இப்படி நாலு வந்தது. கடைசியாக வந்த பாடத்தில் மணியக்காரருக்குப் பரம சந்தோஷம். அவர் மயிலைக் காளைக்கு அப்போது கோமாரி, அந்த தேசத்தில் மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னார். நான் நாலையும் பேனாவால் குறித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டினேன். திங்கட்கிழமை பள்ளிக்கு நேரமாகிவிட்டதால் தபாலாபீசில் சேர்க்கச் சொல்லி உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் உறையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டாள்.

இதற்கு மேல் நடந்ததும் கேள். போன மாதம் கம்பவுண்டர் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பழைய படப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். அதில் சரிகைச் சட்டை போட்ட ஒருவன் காளையின் கழுத்தில் கத்தி சொருகுகிறான். காளைப் போர் என்றால் நம் ஊர் மஞ்சுவிரட்டு மாதிரி மாட்டைப் பிடித்து விளையாடுவது என்று அல்லவா நாங்கள் நினைத்திருந்தோம். மணியக்காரர் அந்தப் படத்தைப் பார்த்த நாளிலிருந்து என்னுடன் பேசுவதில்லை. வழியில் எதிர்ப்பட்டால் மாட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போகிறார், ஏதோ நான் சரிகைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது போல. அவர் பேசாதது பெரிதில்லை. எருமைக்கு ஊசி போட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பெண் நீ. அந்த ரத்தத்தை உட்கார்ந்து படித்துவிட்டு, 'நன்றாகப் போகிறது நைனா' என்று எழுதுகிறாயே. உன் மூன்றாவது கடிதத்தில் டீச்சர் உங்களைப் படகில் அழைத்துப் போனதாக எழுதியிருந்தாய். காளைக்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு நாள் யோசித்தேன். காளைகளை ஏதாவது தீவில் வைத்து வளர்க்கிறார்கள் போலும் என்று முடிவு செய்தேன்.

ஆகையால் இதைத் தந்தி போல் பாவித்து, நாளைக் காலையிலேயே அங்கே நீ தங்கியிருக்கிற மடத்துப் பெரிய சிஸ்டரைப் பார். என் தகப்பன் விவரம் அறியாமல் குறித்துவிட்டான், எனக்குக் கடல் வேண்டும் என்று வாயைத் திறந்து கேள். பாதிப் பருவம் போய்விட்டது என்பார்கள். மீதிப் பாதியாவது உன்னுடையதாக இருக்கட்டும். நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். தகப்பன் பிள்ளையிடம் கேட்பது வழக்கமில்லை என்பதால் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, இப்படித்தான் எழுத வந்தது.

குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிறு பூசை தவற வேண்டாம். போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உன்னைக் காப்பாராக. அம்மாவும் எருமையும் விசாரித்தார்கள்.

இப்படிக்கு,
உன் தகப்பன்
ப. ஐசக்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை கேட்டேன். உன் அம்மா பருக்கையோடு இன்னொரு உறையையும் கொண்டுவந்து வைத்தாள். என் கையெழுத்து, நான் ஒட்டிய உறை. அரிசிப் பானைக்குள் இருந்திருக்கிறது, தவிடு அப்பியிருந்தது. "அத்த நான் தபால்ல போடவே இல்ல" என்றாள். நீ செங்கல்பட்டு பஸ் ஏறிய அன்று காலையில் இன்னொரு தாளில் நாலு பாடம் குறித்து, அவளிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாயாமே. தாயாரும் ஒப்பம் வைக்கலாம் என்று அதில் அச்சடித்திருந்ததை நானும்தான் படித்தேன், அவளை நினைக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவன், அவளுக்கு ஒரு கையெழுத்துக் கற்றுத் தரவில்லை. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கொடத்துல கைய வுட்டுக்கினு அவ்ளோ சந்தோசமா இருந்தே, இன்னாத்துக்குக் கெடுக்கணும்" என்கிறாள்.

ஆக, மேலே எழுதிய எதையும் நீ செய்ய வேண்டாம். சிஸ்டரைப் பார்க்க வேண்டாம். படகு எதற்கு என்பதும் புரிந்துவிட்டது. கிழித்துவிடலாம் என்று பார்த்தேன், உன் அம்மா அனுப்பச் சொல்கிறாள். ஒன்று மட்டும் அவளிடம் கேட்டேன்: அதுதான் மேரி தனியாக ஒரு தாள் வைத்திருந்தாளே, என்னிடம் கொடுத்ததில் புள்ளி எதற்கு வைத்தாள்? "நீயா குறிப்பேன்னு ரெண்டு நாளா ஒன் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா" என்றாள்.

அந்தப் பழைய தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நாலையும் அடித்துவிட்டு, ஏழாவது வரியில் உன் புள்ளிக்குப் பக்கத்தில் குறி போட்டு மறுபடி கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தேதி போடவில்லை. இதை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை, நீ வைத்துக்கொள். திரும்பி வரும்போது டப்பாவில் எது வேண்டுமானாலும் கொண்டு வா. செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் நான் மடியில் வைத்துக்கொள்கிறேன்.